எரிச்சலூட்டுவதற்கென்றே எழுதப்படும் மென்பொருள்: பயனர் ஆய்வுக்கு எந்த வழியைத் தேர்வது?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரங்களில் கணினி அறிவியல் முதுகலை படிக்கும் மாணவர்கள் இறுதிப் பருவ ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும்போது, பயனரின் எரிச்சலைப் பற்றி ஆராய வேண்டும் என்ற விருப்பத்தோடு சிலர் வருகிறார்கள். கணினி சொன்னபடி கேட்காதபோது மனிதர் என்ன செய்கிறார், எவ்வளவு நேரம் பொறுக்கிறார், எந்தக் கட்டத்தில் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போகிறார் என்பதை அறிவது பயனுள்ள ஆய்வுதான். அதை எந்த முறையில் செய்வது என்பதில்தான் தடுமாற்றம் வருகிறது. வேண்டுமென்றே தொல்லை கொடுக்கும் மென்பொருளை எழுதி அதன் முன் ஆட்களை அமர்த்திப் பார்ப்பது ஒரு வழி. அன்றாடம் தானாக நிகழும் தொல்லைகளைப் பயனர்களையே குறித்துவைக்கச் செய்வது இன்னொரு வழி. மென்பொருள் செய்ய வேண்டிய வேலையைத் திரைக்குப் பின்னால் ஒரு மனிதர் செய்வது, கேள்வித்தாள் கொடுத்து நினைவிலிருந்து கேட்பது, தொல்லை வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சோதிப்பது என வேறு வழிகளும் இருக்கின்றன.

இவற்றை ஒப்பிட்டு, நம் கன்னியாகுமரி மாவட்டத்துச் சூழலில் ஒரு மாணவர் எதைத் தேர்வது நல்லது என்பதைப் பார்ப்போம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொல்லை தரும் மென்பொருளைத் தாராளமாக எழுதலாம். ஆனால் தொல்லை வரும் என்பதைப் பங்கேற்பாளரிடம் சொல்லிவிட்டுத்தான் அதை இயக்க வேண்டும், கணினியைக் கண்டாலே தயங்குகிறவர்களை அதன் முன் அமர்த்தவே கூடாது. இந்த முடிவுக்கு ஏன் வந்தேன் என்பதற்கு ஒவ்வொரு வழியின் பலத்தையும் பலவீனத்தையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேண்டுமென்றே கெடுப்பதன் பலம்

இந்த முறைக்கு நல்ல முன்னோடி ஆய்வுகள் உண்டு. அமெரிக்காவின் எம்ஐடி ஊடக ஆய்வகத்தில் ரோசலிண்ட் பிக்கார்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 2002-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, பயனரை வேண்டுமென்றே எரிச்சலூட்டுவது பற்றியது என்று தலைப்பிலேயே அறிவித்துக்கொண்டது. பங்கேற்பாளர்கள் திரையில் வரும் புதிர்களை மவுஸால் அழுத்தித் தீர்க்க வேண்டும். வேகமாகவும் பிழையின்றியும் முடிப்பவருக்குப் பரிசு உண்டு என்று சொல்லப்பட்டிருந்தது. இடையிடையே, முறையற்ற இடைவெளிகளில், மவுஸ் வேலை செய்யாதது போலத் திரை நகராமல் நின்றுவிடும். அந்த நேரத்தில் தோலின் மின்கடத்து திறனும் விரலில் ஓடும் இரத்தத்தின் துடிப்பும் சென்சார்களால் பதிவாயின. அந்தப் பதிவுகளிலிருந்து, எரிச்சல் நிகழ்ந்திருக்கக்கூடிய பொழுதுகளையும் அமைதியாக இருந்திருக்கக்கூடிய பொழுதுகளையும் ஒரு கணினி நிரல் தானாகப் பிரித்தறிய முடியுமா என்று பார்த்தார்கள். குருட்டாம்போக்காகச் சொல்வதைவிடத் தெளிவாக நல்ல முடிவு கிடைத்தது. அத்துடன், மவுஸ் நின்றுபோனபோது பயனர்கள் அழுத்திய விதத்தில் நான்கு வெவ்வேறு பாங்குகள் தென்பட்டதாகவும் அவர்கள் குறித்தார்கள். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தினர் 2009-ல், எல்லோருக்கும் பழக்கமான பேக்மேன் விளையாட்டில் விசைகள் அவ்வப்போது பிடிக்காமல் போகும்படி செய்து, அந்த எரிச்சல் மூளை அலைப் பதிவுகளை எப்படிப் பாதிக்கிறது என்று ஆராயத் தொடங்கினார்கள்.

இந்த முறையின் உண்மையான பலம், காரணம் எந்த நொடியில் நிகழ்ந்தது என்பது ஆய்வாளருக்குத் துல்லியமாகத் தெரிந்திருப்பதுதான். ஒருவர் முகம் சுளிக்கிறார் என்றால், வீட்டு நினைவிலா, வெயிலிலா, கணினியாலா என்று இயல்பான சூழலில் பிரித்துச் சொல்ல முடியாது. நாமே நட்டுவைத்த தாமதம் 14-வது புதிரில், தொடங்கி மூன்று நிமிடம் பத்து விநாடியில் வந்தது என்று பதிவேட்டில் இருந்தால், அதற்கு முந்தைய இருபது விநாடியையும் பிந்தைய இருபது விநாடியையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம். ஒரே ஆளே தனக்குத்தான் ஒப்பீடாக நிற்பதால் பத்துப் பதினைந்து பேரை வைத்தே பொருளுள்ள ஒன்றைச் சொல்ல முடிகிறது. ஒரு பருவத்துக்குள் ஆய்வேட்டை முடிக்க வேண்டிய மாணவருக்கு இது பெரிய வசதி.

சென்சார் இல்லாவிட்டாலும் பாதகமில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மவுஸ் அழுத்தங்களின் பதிவு மட்டுமே ஏராளமாகப் பேசும். அழுத்திய நேரம் மில்லிவிநாடியில், அழுத்திய இடம் பிக்செல் கணக்கில், விரலை எடுத்த நேரம் தனியாக என மூன்று பத்திகளில் எழுதிக்கொண்டு வந்தால் போதும். திரை நின்றவுடன் முதல் அழுத்தம் வழக்கம்போல் இருக்கும். சற்றுப் பொறுத்து அதே இடத்தில் இரண்டாவது வரும். அதன்பின் சிலரிடம் அடுத்தடுத்து நான்கைந்து அழுத்தங்கள் ஒரே புள்ளியில் குவிகின்றன. சிலரிடம் விரல் அழுத்தியபடியே நிற்கிறது, எடுத்த நேரம் மட்டும் வெகுதூரம் தள்ளிப் பதிவாகிறது. சிலர் மவுஸை விட்டுவிடுவதால் பதிவேட்டில் ஒன்றுமே இருக்காது. அந்த வெற்றிடத்தையும் தரவாகக் கொள்ள வேண்டும். புதிதாகத் தொடங்கும் மாணவர்கள் பெரும்பாலும் வெற்று வரிகளை நீக்கிவிட்டுச் சராசரி எடுக்கிறார்கள். அதனால் கைவிட்டுவிட்டு அமர்ந்திருந்தவரே பொறுமைசாலியாகக் கணக்கில் வந்துவிடுகிறார்.

தாமதத்தின் அளவைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். ராபர்ட் மில்லர் 1968-ல் தொடங்கிவைத்து, ஜேக்கப் நீல்சன் 1993-ல் எளிமையாக்கித் தந்த அளவுகள் இன்றும் பயன்படுகின்றன: 0.1 விநாடிக்குள் பதில் வந்தால் உடனே நிகழ்ந்ததாகத் தோன்றும்; 1 விநாடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது; 10 விநாடியைத் தாண்டினால் கவனம் வேறு பக்கம் போய்விடும். ஆகவே அரை விநாடித் தாமதத்தை நட்டுவைத்துவிட்டு எரிச்சலைத் தேடுவதும் வீண், முப்பது விநாடி நிறுத்திவைப்பதும் வீண். பின்னதில் ஆள் கைப்பேசியை எடுத்துவிடுவார். நான்கு முதல் எட்டு விநாடி வரை, எப்போது வரும் என்று ஊகிக்க முடியாதபடி மாற்றி மாற்றி வைப்பதே நல்லது என்பது என் பரிந்துரை. ஒழுங்கான இடைவெளியில் வைத்தால் மூன்றாவது முறையிலேயே பயனர் கற்றுக்கொண்டுவிடுவார்.

எல்லாத் தொல்லைகளும் ஒரே வகையைச் சேர்ந்தவையும் அல்ல. திரை நிற்பது வேறு, நிரப்பிய படிவம் அழிந்துபோவது வேறு. முன்னது நேரத்தை மட்டும் எடுக்கிறது; பின்னது செய்த உழைப்பையே எடுத்துக்கொள்கிறது. ஒரே மென்பொருளில் இரண்டையும் கலந்து வைத்தால் எது எதைச் செய்தது என்று பிரிக்க முடியாமல் போகும். ஒரு மென்பொருளுக்கு ஒரே வகைத் தொல்லை என்று வரையறுத்துக்கொள்வது ஆய்வேட்டின் அளவுக்கும் பொருந்தும், பங்கேற்பாளருக்கும் நல்லது.

நாட்குறிப்பும் நேரடிப் பார்வையும்

வேண்டுமென்றே கெடுக்கும் முறையைக் குறைகூறுவோர் முன்வைக்கும் வாதம் வலுவானது. ஆய்வகத்தில் நாம் உண்டாக்கும் எரிச்சல் நாம் கற்பனை செய்த எரிச்சல்தான். மக்கள் நாள்தோறும் எதில் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதை அது காட்டாது. பென் ஷ்னைடர்மன், ஜொனாதன் லாசர் முதலியோர் 2004-ல் வெளியிட்ட ஆய்வு இந்தக் குறையை நேர்கொண்டது. பயனர்கள் தங்கள் சொந்த வேலையைச் செய்யும்போதே, ஒவ்வொரு முறை எரிச்சல் வரும்போதும் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் போனது, எப்படிச் சமாளித்தார்கள் என்று குறித்துவந்தார்கள். கணினி முன் செலவிட்ட நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை எரிச்சலூட்டும் நிகழ்வுகளால் வீணானதாக அந்த ஆய்வு கண்டது. பிழைச் செய்திகள், அறுந்துபோகும் இணைப்பு, நெடுநேரத் தரவிறக்கம், தேடியும் கிடைக்காத வசதிகள் ஆகியவையே காரணங்களில் முன்னே நின்றன. இவை எதையும் அறைக்குள் அமர்ந்து ஊகித்திருக்க முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இவற்றின் எடையை, எது எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்பதை, ஊகித்திருக்க முடியாது.

நம் மாவட்டத்தில் இந்த முறையைக் கையாள நினைப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது, இங்கே பயனர் என்பவர் யார் என்பதே குழப்பமான கேள்வி என்பதுதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலிடத்தில் இருந்த மாவட்டம் இது. ஆயினும் வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று போன்றவற்றுக்கு வீட்டிலிருந்து தாமே விண்ணப்பிக்காமல் இ-சேவை மையத்தின் முன் வரிசையில் நிற்கிறவர்கள் ஏராளம். அங்கே விசைப்பலகையைத் தட்டுகிறவர் ஒருவர், வேலை யாருடையதோ அவர் இன்னொருவர். தொல்லை முதலாமவரின் விரலில் நிகழ்கிறது. அதன் விலையைக் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்கும் இரண்டாமவர் கொடுக்கிறார். மேலைநாட்டு நாட்குறிப்புப் படிவம் ஒரே ஆளை மனத்தில் கொண்டு வரையப்பட்டது. அதை அப்படியே பெயர்த்துக் கையில் கொடுத்தால், மையத்து ஊழியரின் எரிச்சல் மட்டும் பதிவாகி, கவுன்டருக்கு வெளியே நிற்பவர் ஆய்விலிருந்தே மறைந்துவிடுவார்.

மார்த்தாண்டத்தில் அப்படியொரு மையத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். வருமானச் சான்றுக்காக வந்திருந்த ஓர் அம்மாவின் கைப்பேசிக்கு ஓடிபி அனுப்பும் பொத்தானை ஊழியராக இருந்த இளம்பெண் அழுத்தினார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மறுபடி அழுத்தினார், இன்னொரு முறையும் அழுத்தினார். சற்று நேரத்தில் மூன்று ஓடிபிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. எது செல்லும் என்று இருவருக்கும் தெரியவில்லை. முதலில் வந்ததைப் போட்டபோது தவறு என்று சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் வந்தது. அந்த அம்மா தயங்கித் தயங்கி, “மக்களே, நான் எதையாவது மாத்தி அமுக்கிட்டேனா?” என்று கேட்டார். அவர் கணினியைத் தொடவே இல்லை.

இந்த ஆய்வுத் துறையில் எனக்கு முதன்மையாகப் படும் செய்தி அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நாட்குறிப்பு முறையின் மற்றக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எரிச்சலில் இருப்பவரை அந்த எரிச்சலைப் பற்றி எழுதச் சொல்வது இன்னொரு எரிச்சல். ஆகவே சிறிய தொல்லைகள் பதிவேறாமல் போகும். இ-சேவை மையம் போன்ற இடங்களில் ஆதார் எண், குடும்ப வருமானம் போன்ற விவரங்கள் திரையில் கிடப்பதால், பார்வையாளராக நிற்பதற்கே முறையான அனுமதி வேண்டும். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மாணவர்கள் ஒருமுறையாவது படித்திருக்க வேண்டும். பள்ளி, கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் சான்றிதழ்களுக்குக் கூட்டம் நெரிவதால், அந்த மாதங்களில் எடுக்கும் பதிவையும் மற்ற மாதங்களின் பதிவையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசக் கூடாது.

திரைக்குப் பின்னால் மனிதரை அமர்த்துவது

1980-களின் தொடக்கத்தில் ஜான் கெல்லி கையாண்டு பெயர்பெற்ற முறை இது. பயனர் கணினியோடு உரையாடுவதாக நினைப்பார்; பதில்களை மறைவில் இருக்கும் ஆய்வாளர் அனுப்பிக்கொண்டிருப்பார். தமிழில் பேசினால் புரிந்துகொள்ளும் உதவி மென்பொருள் போன்ற, இன்னும் நன்றாக அமையாத ஒன்றை ஆராய வேண்டுமானால் இது உதவும். மென்பொருளே எழுத வேண்டியதில்லை. ஆனால் எரிச்சலை அளக்கும் ஆய்வுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். மறைவில் இருப்பவர் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு விரைவாகப் பதில் அனுப்பிவிடுவார், அல்லது சோர்ந்துபோய் நாம் குறிப்பிடாத தாமதத்தை உண்டாக்குவார். எப்போது, எவ்வளவு என்ற துல்லியம் போய்விட்டால் இந்த ஆய்வில் மிஞ்சுவது குறைவு.

கேள்வித்தாள் மட்டும் போதுமா?

செலவில்லாதது என்பதால் பலரும் நாடுவது இதைத்தான். நாசாவின் சாண்ட்ரா ஹார்ட், லோவெல் ஸ்டேவ்லண்ட் ஆகியோர் 1988-ல் வெளியிட்ட வேலைச்சுமை அளவுகோலில் உள்ள ஆறு கூறுகளில் எரிச்சலும் ஒன்று. எரிச்சல் குறைவா அதிகமா என்று காட்டும் அந்த ஒரு கோட்டில் புள்ளியிடச் சொல்வது எளிது. மற்ற முறைகளோடு சேர்த்துப் பயன்படுத்த இது நல்ல கருவி.

தனியாகப் பயன்படுத்தினால் நம் ஊரில் ஏமாற்றம்தான். நிக்கோலா டெல் முதலியோர் 2012-ல் வெளியிட்ட ஆய்வுக்காகப் பெங்களூரில் நடத்திய நேர்காணல்களில், இரண்டு ஒத்த பொருள்களில் ஒன்றைத் தாம் உருவாக்கியதாக நேர்காண்பவர் சொன்னால், அதையே விரும்புவதாகச் சொல்வது ஏறத்தாழ இரண்டரை மடங்கு அதிகமாக இருந்தது. மொழிபெயர்ப்பாளரோடு வந்த வெளிநாட்டவர் கேட்டபோது அது ஐந்து மடங்காயிற்று. கேட்பவரின் மனம் நோகக் கூடாது என்ற பண்பு நம்மிடமும் குறைவில்லை. “மென்பொருள் எப்படி இருந்தது?” என்று தம் ஊர்ப் பிள்ளை, அதுவும் காலேஜில் படிக்கிற பிள்ளை, கேட்டால் நன்றாக இல்லை என்று எத்தனை பேர் சொல்வார்கள்? வகுப்புத் தோழர்களிடம் கேட்டாலும் நட்பு குறுக்கே நிற்கும். ஆசிரியரே கேட்டால், அகமதிப்பெண் நினைவுக்கு வரும். விரல் அழுத்தங்களின் பதிவுக்கு இந்தத் தாட்சண்யம் கிடையாது என்பதாலேயே வேண்டுமென்றே கெடுக்கும் முறையை நான் கேள்வித்தாளுக்கு மேலாக வைக்கிறேன்.

யார்மேல் பழி விழுகிறது

மார்த்தாண்டத்து அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். கணினி பழுதாகும்போது பழியை எங்கே வைப்பது என்பதில் மனிதர்கள் இரண்டு வகையாகப் பிரிகிறார்கள். அன்றாடம் கணினியில் புழங்குகிறவர் சர்வரைத் திட்டுவார், நெட்வொர்க்கைத் திட்டுவார், எழுந்து போய் டீ குடித்துவிட்டு வருவார். அவருக்கு அது பத்து நிமிட எரிச்சல். பழக்கமில்லாதவர் பழியைத் தம்மேல் போட்டுக்கொள்கிறார். “எனக்கு இதெல்லாம் வராது” என்ற முடிவோடு எழுந்து போகிறவர் அடுத்த முறை மவுஸைத் தொடவே மாட்டார். ஏடிஎம் எந்திரத்தின் முன்னும் பின்வாங்குவார்.

ரகசியமாகக் கெடுக்கப்பட்ட மென்பொருள் இந்த இரண்டாவது வகையினருக்குச் செய்யும் தீங்கு, சோதனை முடிந்தபின் “இது நாங்கள் செய்த வேலைதான்” என்று விளக்குவதால் முழுதும் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. பத்து நிமிடம் தம்மைத் திறமையற்றவராக உணர்ந்தவரிடம் பிறகு சொல்லும் விளக்கம் ஆறுதலாகப் பேசுவதுபோலவே கேட்கும். ஐந்து கடற்கரைக் கிராமங்களுக்குப் போய் முதியவர்களை அமர்த்திச் சோதிக்கலாம் என்று ஆர்வத்தோடு திட்டம் எழுதிக்கொண்டு வரும் மாணவர்களிடம் இதை நான் தயக்கமின்றி மறுத்துவிடுகிறேன். அவர்களைப் பற்றி அறிய வேண்டியது நிறைய இருக்கிறது. அதற்கு நேரடிப் பார்வையும் பேச்சும் போதும். ஏற்கெனவே கெட்டுக் கிடப்பதே அவர்களுக்குப் போதுமான தொல்லை.

விதிகளும் இதே பக்கம்தான் நிற்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள் சமூக, நடத்தை அறிவியல் ஆய்வுகளையும் கருத்தில் கொள்கின்றன. உண்மையை மறைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், பின்னர் பங்கேற்பாளரிடம் விளக்கிச் சொல்வதும் வேண்டும் என்பதே அவற்றின் போக்கு. சொல்லாமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஃபேஸ்புக். 2012 ஜனவரியில் ஒரு வாரம் 6,89,003 பயனர்களுக்குக் காட்டப்பட்ட பதிவுகளில் மகிழ்ச்சியானவற்றையோ சோகமானவற்றையோ குறைத்துப் பார்த்து, அதை 2014-ல் ஆய்விதழில் வெளியிட்டபோது பெரும் கண்டனம் எழுந்தது. அந்த ஆய்வில் ஒருவருக்கு நேர்ந்த பாதிப்பு மிகச் சிறியது என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். கேட்காமல் செய்தார்கள் என்பதைத்தான் மக்கள் பொறுக்கவில்லை.

முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சோதிப்பது

இனி நான் பரிந்துரைக்கும் வழி. “இந்த விளையாட்டில் சில இடங்களில் திரை நின்றுவிடும்படி நாங்களே செய்திருக்கிறோம். எங்கே, எத்தனை முறை என்று இப்போது சொல்ல மாட்டோம். அது உங்கள் தவறாக ஒருபோதும் இருக்காது. எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம்” என்று தொடக்கத்திலேயே தமிழில் சொல்லிவிட்டு, ஒப்புதல் கையொப்பம் வாங்கிக்கொண்டு இயக்குவது.

அறிந்த தொல்லை தொல்லையாக இருக்குமா என்ற கேள்வி நியாயமானது. சற்றுக் குறையும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேரம் ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டில், அடுத்த புதிருக்கு விடை தயாராக மனத்தில் இருக்கும்போது திரை நின்றால், நிற்கும் என்று தெரிந்திருப்பதால் மட்டும் விரல் சும்மா இருப்பதில்லை. பரிசோ மதிப்பெண் பட்டியலோ இருந்தால் ஈடுபாடு தானாக வரும். முழுமறைப்பில் கிடைக்கும் கூர்மையில் ஒரு பகுதியை இழக்கிறோம். பதிலாக, பங்கேற்பாளர் தம்மேல் பழிபோட்டுக்கொள்ளும் வாய்ப்பு பெரிதும் குறைகிறது, குழுவின் ஒப்புதலும் எளிதாகக் கிடைக்கிறது, அதே ஆளை மறுவாரமும் கூப்பிட முடிகிறது. இந்தக் கடைசி வசதியைச் சிறிதாக எண்ண வேண்டாம். ரகசியமாகச் செய்த ஆய்வில் ஓர் ஆளை ஒரே ஒரு முறைதான் பயன்படுத்த முடியும். அவர் வெளியே போய் அடுத்தவரிடம் சொல்லிவிட்டால் அந்த வகுப்பே கைவிட்டுப் போகும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பயனர் பழியை யார்மேல் போடுகிறார் என்பதே ஆய்வின் கேள்வியாக இருந்தால், முன்கூட்டிச் சொல்வது விடையையே கொடுத்துவிடுவதாகும். அப்போது மறைத்துத்தான் ஆக வேண்டும். அத்தகைய ஆய்வை நெறிமுறைக் குழு இயங்கும் நிறுவனத்தில், கணினியில் நன்கு பழகிய, 18 வயது நிறைந்த தன்னார்வலர்களை மட்டும் வைத்து, முனைவர் பட்ட அளவில் செய்வதே சரி. முதுகலை ஆய்வேட்டுக்கு அது தேவையில்லை.

இதே துறையில் இன்னொரு திசையும் இருக்கிறது; மாணவர்களுக்கு நான் மிகவும் விரும்பிப் பரிந்துரைப்பது அது. ஜொனாதன் கிளைன், யங்மி மூன், பிக்கார்ட் ஆகியோர் விளையாட்டில் தாமதங்களை நட்டுவைத்து எரிச்சலை உண்டாக்கியபின், பங்கேற்பாளர் சிலரிடம் அவர்களுடைய மனநிலையைக் கேட்டு, அதைப் புரிந்துகொண்டதாக எழுத்தில் பதில் தரும் ஒரு நிரலை இயக்கினார்கள். அந்தப் பதிலைப் பெற்றவர்கள், பெறாதவர்களைவிட அதிக நேரம் அதே விளையாட்டில் தொடர்ந்தார்கள். தொல்லையை அளப்பதோடு நில்லாமல், தொல்லைக்குப் பின் என்ன சொன்னால் மனிதர் ஆறுகிறார் என்று கேட்கும் ஆய்வு இது. தமிழில் பிழைச் செய்தி எப்படி எழுதப்பட வேண்டும் என்பதை இதே முறையில் சோதிக்கலாம். ஆங்கிலத்தில் சிவப்பு எழுத்து, தமிழில் மொழிபெயர்ப்புபோல் ஒலிக்கும் வாசகம், “சர்வரில் தாமதம், உங்கள் பக்கம் தவறு இல்லை, ஒரு நிமிடம் கழித்து மறுபடி அழுத்துங்கள்” என்று நேராகச் சொல்லும் வாசகம் ஆகிய மூன்றையும் மூன்று குழுக்களுக்குக் காட்டி, அடுத்த அழுத்தம் எத்தனை விநாடிக்குப் பின் வருகிறது என்று பார்த்தால் போதும். விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் மலையாளமும் வீட்டில் புழங்கும் மாணவர்கள் இருப்பதால், எந்த மொழியில் படிக்கப் பழகியவர் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

செய்வதற்கு முன் கவனிக்க வேண்டிய சில

தோலின் மின்கடத்து திறனை அளக்கும் சிறிய சென்சார்கள் இப்போது அர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையோடு இணைத்துப் பயன்படுத்தும் அளவுக்கு மலிந்துவிட்டன. ஆனால் அந்த அளவீடு வியர்வையைச் சார்ந்தது. வெப்பமும் காற்றின் ஈரமும் அதை மாற்றிவிடும். மின்விசிறி மட்டும் சுழலும் ஆய்வகத்தில், ஜூன் மாதச் சாரலுக்கு முந்தைய புழுக்கத்தில் எடுத்த பதிவையும் மழை பெய்த மறுநாள் எடுத்த பதிவையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவது பயனற்றது. குளிர்சாதன அறை கிடைக்காவிட்டால் சென்சாரை விட்டுவிட்டு மவுஸ் பதிவை மட்டும் வைத்துக்கொள்வதே நேர்மையான வழி.

விளையாட்டை இணையத்தின் வழியே இயக்கக் கூடாது. உண்மையான நெட்வொர்க் தடங்கலும் நாம் நட்டுவைத்த தடங்கலும் பதிவில் கலந்துவிட்டால் இந்த முறையின் ஒரே பெரும் பலம் போய்விடும். கணினியிலேயே இயங்கும் நிரலாக எழுதி, யுபிஎஸ் வேலை செய்கிறதா என்று பார்த்து, பின்னணியில் ஓடும் புதுப்பிப்புகளை நிறுத்திவிட்டு, நட்டுவைத்த ஒவ்வொரு தாமதத்தின் தொடக்கத்தையும் முடிவையும் மவுஸ் பதிவு எழுதும் அதே கடிகாரத்தில் எழுத வேண்டும். மின்சாரம் போனால் அந்த அமர்வைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

வேலையின் வரிசை இப்படி இருக்கலாம். முதல் மாதம் கல்லூரி அலுவலகம், நூலகம் போன்ற இடங்களில் கணினியில் பணிபுரிவோரிடம் எளிய நாட்குறிப்பைக் கொடுத்து, உண்மையில் எந்தத் தொல்லை அதிகம் வருகிறது என்று அறிய வேண்டும். அப்படிக் கிடைத்தவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து விளையாட்டாக எழுத வேண்டும். தம் ஆசிரியரிடம் மதிப்பெண் எதிர்பார்த்திருப்பவர்களைத் தவிர்த்து, வேறு துறை மாணவர்களிலிருந்து தன்னார்வலர்களை அழைக்க வேண்டும். ஒவ்வோர் அமர்வும் பதினைந்து நிமிடத்தைத் தாண்டாமல் இருக்கட்டும். முடிவில் எரிச்சல் கோட்டில் ஒரு புள்ளி இடச் சொல்லி, அதை மவுஸ் பதிவோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் பொருந்தாத ஆட்களே பெரும்பாலும் சுவையான ஆட்கள். வாயால் “ஒன்றுமில்லை” என்று சொல்லிவிட்டு விரலால் ஒன்பது முறை அழுத்தியிருப்பார்கள்.

அமர்வு முடிந்ததும் அந்தப் பதிவைத் திரையில் திறந்து, தாமதங்கள் நிறமிட்டுக் காட்டப்பட்ட இடங்களைப் பங்கேற்பாளருக்கே காட்டிவிட வேண்டும். எங்கே திரை நின்றது, அப்போது அவர் எத்தனை முறை அழுத்தினார் என்பதை அவரே பார்க்கட்டும். தம் பதிவை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அவர் சொன்னால், காரணம் கேட்காமல் அவர் எதிரிலேயே அந்தக் கோப்பை அழித்துவிட்டு, பங்கேற்றோர் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு அடுத்தவரை அழைக்கலாம்.